ஸ்கேன் அறைக்கு வெளியே காத்திருப்பவர்களுக்கு



இது நோயாளிகளுக்கு எழுதும் மடல் இல்லை. அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து வெளியே நாற்காலியில் காத்திருக்கும் உங்களுக்குத்தான் எழுதுகிறேன். நீங்கள் கணவராக, மனைவியாக, மகனாக, மருமகளாக, மாமியாராக இருப்பீர்கள். சில சமயம் கம்பெனி அனுப்பிவைத்த சூப்பர்வைசராகவும் இருப்பீர்கள். உங்கள் மடியில் ஒரு கைக்குட்டை முடிச்சு இருக்கும். உள்ளே போனவர் கழற்றிக் கொடுத்த தாலிக்கொடி, தோடு, மெட்டி எல்லாம் அதற்குள். பக்கத்து நாற்காலியில் கைப்பேசி, ஏ.டி.எம். கார்டு, போன வருடத்து எக்ஸ்ரே உறை.

நான் உள்ளே எம்.ஆர்.ஐ. எந்திரத்தை இயக்கும் டெக்னீஷியன். கதவு திறந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டு நீங்கள் கேட்பது ஒன்றுதான்: “என்ன சார், ஏதாவது இருக்கா?” டாக்டர் பார்த்து ரிப்போர்ட் தருவார் என்று சொல்லிவிட்டு நானும் நகர்ந்துவிடுவேன். படம் பிடிப்பது என் வேலை, படிப்பது கதிரியக்க மருத்துவரின் வேலை. அதில் எனக்கு மனக்குறை எதுவும் இல்லை. ஆனால் உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருப்பதைப் பல வருடங்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆபத்தாக ஏதாவது இருக்கிறதா என்பது ஒன்று. அதற்கு இந்த எந்திரம் நன்றாகவே பதில் சொல்லும். இன்னொன்றை நீங்கள் வாய்விட்டுக் கேட்பதில்லை: “இவ சொல்றது நிஜமா? உண்மையிலேயே அவ்வளவு வலிக்குதா, இல்ல நடிக்கிறாளா?” இந்த மடல் அந்த இரண்டாவது கேள்விக்கு.

முதலில் முதுகு. எங்களிடம் வருகிற கூட்டத்தில் பெரும்பகுதி இடுப்புவலி, கால் இழுப்பு, கழுத்துவலி. எந்திரம் செய்வது இவ்வளவுதான்: உடம்பில் இருக்கும் நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்களைக் காந்தப்புலத்தில் வரிசைப்படுத்தி, ரேடியோ அலையால் உசுப்பி, அவை திருப்பி அனுப்பும் சமிக்ஞையைப் படமாக்குகிறது. முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு (டிஸ்க்) நீர்ப்பசையோடு இருந்தால் ஒரு வகைப் படத்தில் வெளுப்பாகத் தெரியும். காய்ந்துபோன வட்டு கறுத்துத் தெரியும். கொஞ்சம் பிதுங்கியிருந்தால் ‘டிஸ்க் பல்ஜ்’ என்று ரிப்போர்ட்டில் வரும். வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் அது ‘ஜவ்வு விலகிடுச்சாம்’ என்று ஆகிவிடும். அன்றிலிருந்து அந்த மனிதர் குடத்தைத் தூக்க மாட்டார், பேரனைத் தூக்க மாட்டார், வண்டியில் பின்னால்கூட உட்கார மாட்டார்.

1994இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு செய்தார்கள். முதுகுவலியே இல்லாத 98 பேரைப் படுக்கவைத்து இடுப்பு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு, அதாவது 52 விழுக்காட்டினருக்கு, ஏதாவது ஓர் இடத்திலாவது வட்டு பிதுங்கியிருந்தது. 2015இல் இதுபோன்ற 33 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். வலியில்லாத மூவாயிரத்துச் சொச்சம் பேர். இருபது வயதிலேயே 30 விழுக்காட்டினருக்குப் பிதுக்கம், ஐம்பதில் 60, எண்பதில் 84. வட்டுத் தேய்மானம் ஐம்பது வயதில் 80 விழுக்காட்டினருக்கு இருந்தது. இவர்கள் யாருக்கும் வலி கிடையாது. ஸ்கேன் எடுக்காமல் இருந்திருந்தால் இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் வாழ்ந்துவிட்டுப் போயிருப்பார்கள்.

இதைவிட என்னை உலுக்கியது 2017இல் வெளியான இன்னொன்று. முதுகுவலியும் காலில் பரவும் வலியும் உள்ள 63 வயதுப் பெண் ஒருவரை மூன்று வாரத்துக்குள் பத்து ஸ்கேன் மையங்களுக்கு அனுப்பினார்கள். ஒரே முதுகு, பத்து ரிப்போர்ட். எல்லாவற்றையும் சேர்த்தால் வெவ்வேறு குறைபாடுகள் 49 வந்தன. பத்து ரிப்போர்ட்டிலும் ஒன்றுபோல இருந்தது அதில் ஒன்றுகூட இல்லை. எங்கள் தொழிலைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. படத்தில் ஒன்று தெரிவது வேறு, அதுதான் வலிக்குக் காரணம் என்று அடித்துச் சொல்வது வேறு. வீட்டின் பிளானைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறை எங்கே, சுவர் எங்கே வெடித்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். அந்த வீட்டில் இப்போது சண்டை நடக்கிறதா என்று சொல்ல முடியாது.

அதற்காக ஸ்கேனே வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முதுகுவலியோடு சிறுநீர் அடைத்துக்கொண்டால், அல்லது கட்டுப்பாடில்லாமல் போனால், தொடைகளுக்கு நடுவிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போனால், கால் நாளுக்கு நாள் பலமிழந்தால் விடியும்வரைகூடக் காத்திருக்காதீர்கள். நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வலியோடு விடாத காய்ச்சல், எடை குறைதல், இரவில் கூடும் வலி என்றால் முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம். நம் நாட்டில் அதை மறந்துவிடக் கூடாது, எம்.ஆர்.ஐ. அதை நன்றாகக் காட்டிக்கொடுக்கும். ஏற்கெனவே புற்றுநோய் வந்தவர், வழுக்கி விழுந்த வயதானவர் ஆகியோருக்கும் தாமதம் கூடாது. இதெல்லாம் இல்லாமல், ‘எதுக்கும் ஒருதடவ பாத்துடலாம்’ என்று சலுகை விலையில் முழு முதுகுத்தண்டையும் எடுத்துக்கொள்ள வருகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. (இதைப் படித்தால் என் முதலாளி வருத்தப்படுவார்.)

இப்போது மறுபக்கம். ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும் பெண் ஒருவர். ரிப்போர்ட் வாங்க வந்த அன்று கணவர் வரவேற்பு மேசை அருகிலேயே உறையைப் பிரித்து, கடைசி வரியை மட்டும் உரக்கப் படித்தார். குறிப்பிடத்தக்க குறைபாடு எதுவும் இல்லை என்பது அதன் சாரம். “பாத்தியா, ஒண்ணுமில்லன்னு போட்டிருக்கான். காசு போனதுதான் மிச்சம்.” அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, குரலை இறக்கி, “ஒரு கீறல்கூட இல்லையா சார்?” என்று கேட்டார். நோய் இல்லை என்ற சொல்லைக் கேட்டு ஒருவர் முகம் அப்படிச் சுண்டிப்போகும் என்றால், அவர் தேடி வந்தது மருந்து அல்ல, சாட்சி. அன்று அந்தக் கணவரிடம் சொல்ல வேண்டியதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

வலியைப் படம்பிடிக்க உலகம் முழுக்க முயன்றிருக்கிறார்கள். எங்கள் அறையில் இருப்பதைப் போன்ற காந்தத்தை வைத்துத்தான், ஆனால் முதுகை அல்ல, மூளையை. 1990இல் பெல் ஆய்வுக்கூடத்தில் சேய்ஜி ஒகாவாவும் உடன் பணியாற்றியவர்களும் ஒன்றைக் காட்டினார்கள். ரத்தத்தில் ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபினும் ஆக்சிஜன் ஏற்றிய ஹீமோகுளோபினும் காந்தப்புலத்தில் வெவ்வேறாக நடந்துகொள்கின்றன. அந்த வித்தியாசத்தை எம்.ஆர்.ஐ.யால் பிடிக்க முடியும் என்பதே அது. மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறதோ அங்கே ரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. ஆக, ஊசியோ சாயமோ இல்லாமல் மூளையின் நடமாட்டத்தைப் பார்க்கும் வழி கிடைத்தது. அதற்கு அடுத்த ஆண்டே, வேறொரு முறையான பெட் ஸ்கேனை வைத்து மான்ட்ரியாலிலும் லண்டனிலும் மனிதரின் கையில் சூடு வைத்து மூளையைப் பார்த்துவிட்டார்கள்.

‘வலி மையம்’ என்று மூளையில் ஓரிடம் இருக்கும், அது எரிந்தால் வலி, அணைந்தால் இல்லை என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். அப்படி ஓரிடம் அகப்படவில்லை. தலாமஸ், இன்சுலா, முன் சிங்குலேட், தொடுவுணர்வுப் புறணி என்று பல இடங்கள் சேர்ந்து இயங்கின. ‘எங்கே வலிக்கிறது’ என்பதை ஒரு பகுதியும், ‘எவ்வளவு தாங்க முடியவில்லை’ என்பதை இன்னொன்றும், ‘இதனால் என்ன ஆகுமோ’ என்ற பயத்தை மற்றொன்றும் சுமந்தன. அதோடு ஒரு சிக்கலும் வந்தது. பெருஞ்சத்தம், திடீர் வெளிச்சம் போன்றவற்றுக்கும் ஏறக்குறைய இதே இடங்கள்தான் எழுந்தன. 2016இல் பிறவியிலேயே வலி என்பதை அறியாத இருவரைப் படுக்கவைத்து, மற்றவர்களுக்கு வலிக்கும்படியான தூண்டலைக் கொடுத்தபோது அவர்கள் மூளையிலும் அதே பகுதிகள் எழுந்தன. வலி துளியும் இல்லை. படம் மட்டும் வலியின் படம்.

2013இல் டோர் வேகர் என்ற ஆய்வாளரின் குழு கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாக இறங்கியது. தனித்தனி இடங்களைப் பார்ப்பதை விட்டுவிட்டு, மூளை முழுவதிலும் பரவிய ஒரு கோலத்தைக் கணினிக்குப் பழக்கினார்கள். நான்கு ஆய்வுகள், 114 பேர். முன்கையில் ஒரு சின்ன வெப்பத்தகடு. வெதுவெதுப்பிலிருந்து சுளீர் வரை. சூட்டு வலியையும் வெறும் வெதுவெதுப்பையும் அந்தக் கோலம் 94 விழுக்காடும் அதற்கு மேலும் சரியாகப் பிரித்தது. வலிநிவாரணி ஏற்றியபோது கோலமும் மங்கியது. பத்திரிகைகள் கொண்டாடின. அமெரிக்க நீதிமன்றங்களில் வழக்கறிஞர்கள் ‘இதோ என் கட்சிக்காரரின் வலி’ என்று மூளைப் படங்களைத் தூக்கிக்கொண்டு போன கதையும் உண்டு.

ஆனால் கூர்ந்து பாருங்கள். அது ஆரோக்கியமானவர்களின் சில நொடிச் சூடு. பத்து வருட இடுப்புவலி அல்ல. அதைவிட முக்கியமானது, எது வலி என்று கணினிக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? எந்திரத்துக்குள் படுத்திருந்தவர்தான். ஒவ்வொரு சூட்டுக்கும் எவ்வளவு வலித்தது என்று அவர்கள் போட்ட மதிப்பெண்ணே அளவுகோல். உலகத்தில் இதுவரை நடந்த வலிப் படமாக்க ஆய்வுகளில் ஏறக்குறைய எல்லாமே இப்படித்தான்: மனிதர் சொல்வார், படம் அதற்கு ஒத்துவருகிறதா என்று பார்ப்பார்கள். எந்திரம் வலியைப் பற்றித் தெரிந்துகொண்டதெல்லாம் மனிதர் வாய்ச்சொல்லிலிருந்து. அதைக் கொண்டே அந்த வாய்ச்சொல்லைப் பொய் என்று எப்படித் தள்ளுவது? சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் அமைத்த குழு 2017இல் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது: ஒருவர் வலி என்று சொல்வது நிஜமா பொய்யா என்று கண்டுபிடிக்க மூளை ஸ்கேனைப் பயன்படுத்தாதீர்கள். அதே சங்கம் 2020இல் திருத்திய வரையறையோடு சேர்த்த குறிப்பில், ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறது.

உலகிலேயே தேர்ந்த ஆய்வுக்கூடங்கள் செய்யத் தயங்கும் வேலையைத்தான் ஐயா, எங்கள் வரவேற்பு மேசை அருகே நின்று, சாதாரண இடுப்பு ஸ்கேனின் கடைசி வரியை வைத்துக்கொண்டு நீங்கள் செய்கிறீர்கள்.

வாய்விட்டுச் சொல்ல முடியாதவர்கள் விஷயத்தில் மட்டும் இந்தப் படங்களுக்கு நான் கூடுதல் மரியாதை தருவேன். பச்சிளங்குழந்தைக்கு வலி தெரியாது என்று நம்பி, 1980கள் வரைகூட மேலைநாடுகளில் சரியான மயக்க மருந்தோ வலிமருந்தோ இல்லாமல் சிசுக்களுக்கு அறுவை சிகிச்சை செய்திருக்கிறார்கள். 2015இல் ஆக்ஸ்ஃபோர்டில், தூங்கும் பிறந்த குழந்தைகளின் பாதத்தில் லேசாகக் குத்திப் பார்த்தபோது, பெரியவர்களின் மூளையில் எழும் 20 பகுதிகளில் 18 அவர்களிடமும் எழுந்தன. இதைச் சொல்ல ஆய்வு எதற்கு, பெற்றவளைக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். சரிதான்.

இல்லாத உறுப்பிலும் வலிக்கும். சர்க்கரை நோயில் காலை எடுத்தவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! வெட்டி எடுத்த பிறகும் கட்டைவிரல் மடங்கிக்கொண்டு வலிக்கிறது என்று சொல்பவரிடம், ‘காலே இல்ல, என்ன வலி?’ என்று வீட்டில் சிரிப்பார்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன், 1990களில் கலிஃபோர்னியாவில் ஒரு சாதாரணக் கண்ணாடியை நிறுத்திவைத்து, இருக்கும் கையின் பிம்பத்தை இல்லாத கையின் இடத்தில் காட்டி, சிலருக்கு அந்த வலியைத் தணித்தார். வெட்டுப்பட்ட கைக்கு உரிய மூளைப் பகுதியைப் பக்கத்துப் பகுதிகள் ஆக்கிரமிப்பதால்தான் இந்த வலி என்று 1995இல் ஜெர்மனியின் ஹெர்டா ஃப்ளோர் குழுவின் படங்கள் சொல்லின. இல்லை, வலி அதிகம் உள்ளவர்களிடம் அந்தக் கைக்கான பகுதி அப்படியே கெடாமல் இருக்கிறது என்று 2013இல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து மறுத்தார்கள். சண்டை தீர்ந்தபாடில்லை. ஆனால் இரு தரப்பில் எவரும், இல்லாத கையில் வலிக்கிறது என்று சொன்னவரைப் பொய்யர் என்று சொல்லவில்லை.

நாள்பட்ட வலி மூளையையும் மாற்றுகிறது. 2004இல் சிகாகோவில் அப்காரியன் குழு, பல காலமாக முதுகுவலி உள்ளவர்களின் மூளைப் புறணியில் சாம்பல்நிறப் பொருள் மற்றவர்களைவிட 5 முதல் 11 விழுக்காடு குறைந்திருப்பதாகச் சொன்னது. படித்தவுடன் எனக்குப் பகீரென்றது. ஏற்கெனவே வலியில் இருப்பவரிடம் ‘உங்க மூளையும் சுருங்குது’ என்று யார் போய்ச் சொல்வது? ஐந்து வருடம் கழித்து ஜெர்மனியில் இன்னொரு குழு இடுப்பு மூட்டுத் தேய்ந்து வலியில் இருந்தவர்களை அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் படமெடுத்தது. மூட்டு மாற்றி, வலி நீங்கியவர்களிடம் சில மாதங்களிலேயே அந்தப் பகுதிகள் திரும்பவும் கூடியிருந்தன. சுருக்கம் வலியின் விளைவு, அதுவும் திரும்பக் கூடியது. இவ்வளவு நல்ல சேதிக்குப் பத்திரிகைகளில் முதலாவது சேதிக்குக் கிடைத்த இடம் கிடைக்கவில்லை.

உங்களை நேரடியாகத் தொடும் ஒன்று மிச்சமிருக்கிறது. 2011இல் உல்ரிக்கே பிங்கல், ஐரீன் ட்ரேசி முதலியோர் ஆரோக்கியமான 22 பேரின் காலில் சூடு வைத்து, நரம்பு வழியாக வீரியமான வலிமருந்து ஒன்றை ஏற்றினார்கள். மருந்து ஏறுவது தெரியாதபோது ஓரளவு வலி குறைந்தது. ‘இப்போது மருந்து ஏறுகிறது’ என்று சொன்னதும் அதே அளவு மருந்தின் பலன் இரண்டு மடங்கானது. ‘மருந்தை நிறுத்திவிட்டோம், வலி கூடலாம்’ என்று சொன்னார்கள். உண்மையில் மருந்து அதே அளவில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பலன் இருந்த இடம் தெரியாமல் போனது. மூளைப் படங்களும் அதற்கேற்ப மாறின. 2009இல் ஹாம்பர்க்கில் இன்னும் கீழே இறங்கிப் பார்த்தார்கள். முதுகுத்தண்டுவடம் சுண்டுவிரல் பருமன்தான், இதயம் துடிக்கும்போதும் மூச்சு விடும்போதும் சுற்றிலும் எல்லாம் ஆடும். அதைப் படமெடுப்பது எவ்வளவு தொல்லை என்று எங்களைக் கேட்டால் தெரியும். மருந்தே இல்லாத ஒரு களிம்பைத் தடவி ‘வலிநிவாரணி’ என்று சொன்னபோது, கையிலிருந்து வரும் வலிச் சேதி தண்டுவடத்திலேயே தணிந்தது. நம்பிக்கை என்பது வெறும் மனசு சம்பந்தப்பட்டது என்று ஒதுக்க முடியாது. அது தண்டுவடம் வரை இறங்குகிறது.

அப்படியென்றால், ‘இந்த மாத்திரையெல்லாம் உனக்கு எங்க கேக்கப்போவுது’ என்று சாப்பாட்டு மேசையில் சொல்கிறீர்களே, அதுவும் எங்கோ இறங்கத்தானே செய்யும்? ஆய்வில் சொன்னது வெள்ளைக் கோட்டு. உங்கள் வீட்டில் சொல்வது நீங்கள். யாருடைய சொல் ஆழமாக இறங்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பொய் சொல்பவர்களே கிடையாதா என்று சூப்பர்வைசர்கள் கேட்பார்கள். இருப்பார்கள். லீவுக்காகவும் இழப்பீட்டுக்காகவும் நடிப்பவர்களை நானும் பார்த்திருக்கிறேன் என்றுதான் நினைக்கிறேன். ‘நினைக்கிறேன்’ என்பதற்கு மேல் போக எனக்கு வழியில்லை, என் எந்திரத்துக்கும் இல்லை. அப்படி ஒருவரைப் பிடிக்க ஒன்பது பேரின் வலியைப் பொய்யாக்குவது எந்தக் கணக்கிலும் லாபமில்லை.

ஆகவே என் வேண்டுகோள். ரிப்போர்ட்டில் ‘பல்ஜ்’ என்று வந்தால், லிஃப்ட்டுக்குள் நின்றபடியே கூகுளில் தேடி வீட்டுக்கெல்லாம் போன் போடாதீர்கள். மருத்துவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்த வயதில் வலியில்லாதவர்களுக்கும் இது இருக்குமா? இவர் சொல்லும் வலியோடு இது பொருந்துகிறதா? ‘நார்மல்’ என்று வந்தால், ஆபத்தான காரணம் தென்படவில்லை என்று சந்தோஷப்படுங்கள். வலி இல்லை என்று மட்டும் மொழிபெயர்க்காதீர்கள். நடைப்பயிற்சி, பிசியோதெரபி, தூக்கம், தேவைப்பட்டால் வலி மருத்துவர் என்று அதற்குப் பிறகுதான் வேலையே ஆரம்பம். மருத்துவர் அறைக்குள் உடன் போங்கள். எங்கே வலிக்கிறது என்று அவர் கேட்டால், நோயாளியை முந்திக்கொண்டு நீங்கள் பதில் சொல்லாதீர்கள்.

ரிப்போர்ட் பெரும்பாலும் மறுநாள் மாலைக்குள் தயாராகிவிடும். ஃபிலிமோடு சி.டி.யையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பழைய படங்களைப் பீரோ மேல் வெயில் படாமல் வையுங்கள், அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்க உதவும். தாலிக்கொடியை வீட்டிலேயே கழற்றிவிட்டு மஞ்சள் கயிற்றோடு வந்தால் இருவருக்குமே படபடப்பு மிச்சம். ஊக்கு மட்டும் ஒன்றுகூட வேண்டாம்.

இப்படிக்கு,
கதவுக்கு உள்பக்கத்து டெக்னீஷியன்